கோப்பைக்குள் விழுந்த கட்டை

பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை ஆராயப் பயிற்சி பெற்ற முதல் வருடத்தில் நான் செய்த பிழை இது. கிண்ணியாவில் வீடு வீடாகப் போய், கைகால் சரிவர இயங்காத பிள்ளைகளின் விளங்கும் திறனைச் சோதிப்பது என் வேலை. ஒன்றைச் செய்யச் சொல்லிப் பத்து விநாடி பொறுக்க வேண்டும். செய்யாவிட்டால் தாளில் பூச்சியம். அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள்.

அன்று கடைசி வீடு. நான்கு வயது ஸரீனா தாயின் மடியில் சாய்ந்திருந்தாள்.

“சிவப்புக் கட்டையைக் கோப்பைக்குள் போடுங்கோ” என்றேன்.

அவள் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து விநாடி முடிந்தது. எனக்கோ திருகோணமலைக்குத் திரும்பும் படகைப் பிடிக்கும் அவசரம். பூச்சியம் போட்டுவிட்டு, தாள்களைப் பைக்குள் வைக்கத் திரும்பினேன்.

பின்னால் ‘டொக்’ என்று சத்தம். கட்டை கோப்பைக்குள் கிடந்தது. ஸரீனாவின் முகமெல்லாம் வியர்வை. கை இன்னும் கோப்பையின் மேலேயே இருந்தது.

“புள்ளைக்கு விளங்கும் மிஸ். கை போய்ச் சேரத்தான் நேரம் எடுக்கும்” என்றார் தாய். “நீங்க மணிக்கூட்டத்தான் பாத்தீங்க.”

கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். படகு போய்விட்டது.

மறுநாள் முதல் படகிலேயே வந்து, முன்பு பூச்சியம் போட்ட ஒவ்வொரு வீட்டுக் கதவையும் திரும்பத் தட்டி, நேரம் பார்க்காமல் சோதித்தேன். விதியை மீறியதற்காகப் பயிற்றுநர் ஏசினார். நான் விடவில்லை. எல்லாப் பூச்சியமும் மாறவில்லை. மாறியவற்றை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

இப்போது பயிற்சிக்கு வருபவர்களை நான்தான் கிண்ணியாவுக்கு அனுப்புகிறேன். புறப்படும்போது ஒன்று கேட்பேன்: “எத்தினை மணிக்குத் திரும்பி வருவீங்கள்?”

நேரம் சொல்பவரை அன்று அனுப்புவதில்லை.