உலக்கை வீணை

வீட்டுக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். டர்பன்டைன் வாடை வந்ததும், இன்று இருந்த இடம் தெரியாமல் போய்விட்ட கீரமங்கலம் சந்தையோரத்துப் பேண்டு செட் கொட்டகை நினைவுக்கு வந்து, இந்த வயதிலும் என் தலை தானாகக் குனிகிறது. அதன் தகரச் சுவரில் கிளாரினெட்காரர், டிரம்காரர், ஜால்ராக்காரர் எல்லோரையும் வரைந்த அப்பா, நடுவில் வீணை வாசிக்கும் பெண்ணாக அம்மாவை வரைந்துவிட்டார். வீணைக்கு எங்கே போவது? உலக்கையை மடியில் வைத்து அவளை உட்காரச் சொல்லிப் பார்த்து வரைந்ததில், வீணையின் நுனியில் உலக்கைப் பூணும், முகத்தில் அம்மாவின் தாடை மச்சமும் அப்படியே வந்துவிட்டன.

"ஒங்கம்மா ஒலக்கை வாசிக்கிறாங்கடா" என்று ஸ்கூல் பையன்கள் தினமும் டவுன்பஸ்ஸில் சிரிப்பார்கள். கொட்டகை நெருங்கும்போதெல்லாம் செருப்பு வாரைச் சரிசெய்கிறவன்போல நான் சீட்டுக்கடியில் குனிந்துகொள்வேன்.

ஒருநாள் அம்மாவும் அதே பஸ்ஸில் வந்தாள். சந்தை முக்கில் பஸ் திரும்பியதும், நான் குனிவதற்கு முன்பே முந்தானையால் முகத்தை மூடிக் குனிந்துகொண்டவள், என் காதருகே மெதுவாகக் கேட்டாள்:

"தாண்டிருச்சா தம்பி?"