தண்ணீர் குடிக்க மறுத்த பிக்கு

போன வாரம் வாட்டர் ஃபில்டர் விற்கிறவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நம் குழாய்த் தண்ணீரில் எத்தனை கிருமி இருக்கிறது தெரியுமா என்று கேட்டார். மெஷினை மாட்டினால் அத்தனையும் செத்துவிடுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகம் சுருங்கியது. அவருக்கு என்ன தெரியும்?

நான் சாயப்பட்டறை வைத்திருந்த காலம். கர்நாடகத்து மடம் ஒன்றிலிருந்து திபெத்திய பிக்கு ஒருவர் வந்தார். அங்கித் துணிக்குச் சாயம் போட. நடுவயது. தமிழ் கொஞ்சம் வரும். பட்டறையிலேயே தங்கினார்.

சாயம் ஏன் துணியைப் பிடிக்கிறது? ஆவி ஏன் மேலே போகிறது? ஓயாத கேள்வி. நான் படித்தது எட்டாவது. பொங்கலூரில் சயின்ஸ் வாத்தியாராக இருந்த என் மைத்துனனைக் கூப்பிட்டேன். சாயங்காலம் தோறும் வகுப்பு நடந்தது.

பிக்கு எந்தத் தண்ணீரையும் பனியன் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். துணியில் பூச்சி தங்கினால் கிணற்றிலேயே திரும்ப விடுவார். எந்த உயிரையும் கொல்லக் கூடாது – அவர்கள் விதி.

ஒரு நாள் மைத்துனன் மைக்ராஸ்கோப் கொண்டுவந்தான். வடிகட்டிய தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்து அதனடியில் வைத்தான். பிக்கு பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி பார்த்தார். சொட்டுக்குள் ஏதேதோ உயிர்கள் நெளிந்துகொண்டிருந்தன.

அதோடு தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார்.

சித்திரை வெயில். டீ, மோர், இளநீர்... எதையும் தொடவில்லை. மறுநாள் மதியம் உதடு வெடித்துவிட்டது.

மைத்துனன் பதறிப்போய், "காய்ச்சிக் குடிங்க சாமி. எல்லாம் செத்துப்போயிருமுங்க" என்றான்.

பிக்கு அவனை விட்டுத் தள்ளி நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஏன் மாப்ளே, பாடம் நடத்தச் சொன்னா ஆளையே முடிச்சுருவயாட்ட இருக்குது" என்றேன்.

வேறு வழியில்லை. அவன் மிச்சத்தையும் சொன்னான். வாயில், குடலில், தோலில் – நமக்குள்ளேயே கோடிக்கணக்கில் இருக்கின்றனவாம். தொலைந்தது, இனி எச்சிலைக்கூட விழுங்க மாட்டார் என்று நினைத்தேன்.

பிக்கு வெகுநேரம் தன் வயிற்றையே பார்த்தார்.

"இங்கே குடித்தனம் இருக்காங்களா?"

"ஆமாங்க சாமி."

"நான் காஞ்சு செத்தா?"

"அவிங்களுக்கும் ஊடு போச்சுங்க."

சொம்பை எடுத்தார். வடிகட்டினார் – அதை மட்டும் விடவில்லை. கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டார்.

மைத்துனன் ஓடிப்போய்க் கொண்டுவந்தான்.

மறுநாள் மைக்ராஸ்கோப் வேண்டும் என்று பிக்குவே கேட்டார். நலம் விசாரிக்கவாம்.

பாதி தெரிந்தால் பயம். மீதியையும் சொல்லிவிட வேண்டும்.

ஃபில்டரை மாட்டிவிட்டேன். உள்ளே இருக்கும் குடித்தனக்காரர்களிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.