சுபாவின் நிறம்

கம்பெனி பஸ் கச்சிபௌலி நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது சுபாவின் அம்மா போன் செய்தார். "சுபா போயிட்டாம்மா." டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள், தேறிவருகிறாள் என்றுதான் முந்தைய நாள்கூடச் சொன்னார்கள். பஸ்ஸில் எல்லோருக்கும் அவளைத் தெரியும்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அவளோடு வேலை பார்த்தவர்கள். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் அவள் என் பக்கத்து இருக்கை. தாத்தா காலத்திலேயே திருமுல்கேரிக்கு வந்துவிட்ட குடும்பம்; அவள் தமிழில் இந்த ஊர் உருது கலந்து, ஆமாமுக்கு ஹவ்வும் வேண்டாமுக்கு நக்கோவும் தாராளமாகப் புழங்கும். அவள் நிறத்தைச் சொல்ல மாநிறம் என்ற சொல் போதாது. ஆஃபீசுக்குப் பின்னால் இருந்த பாறைகளில் சாயங்கால வெயில் விழும்போது ஒரு பொன்பழுப்பு வருமே, அது.

பெண் பார்க்க வந்த அன்று துணைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாள். கல்யாண வெப்சைட்டில் அவள் அம்மா 'கோதுமை நிறம்' என்று போட்டிருந்தார். பையனின் அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கோதுமை நிறம்னுதானே போட்டிருந்தீங்க?" என்றார். சுபாவின் அம்மா தலைகுனிந்தார். காபித் தட்டோடு நின்ற சுபா நிதானமாகச் சொன்னாள்: "வறுத்த கோதுமை, ஆன்ட்டி. அம்மா ஒரு வார்த்தை விட்டுட்டாங்க."

அவர்கள் காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள். நான் சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போனேன். அவள் குழாயைத் திறந்துவிட்டு, வெளியே கேட்காதபடி அழுதுகொண்டிருந்தாள். "கைக்குடி, எதுக்குடி எங்கம்மா தலைகுனியணும்? என்னைப் பெத்ததுக்கா?"

பிறகு அவளே வெப்சைட்டில் மாற்றி எழுதினாள்: 'தேன் நிறம். வெளுப்பு தேடுறவங்க நக்கோ.' விசாரிப்புகள் குறைந்தன. "இருக்கட்டும்டி, தேன் புடிச்சவன் ஒருத்தன் வருவான்" என்பாள். அவன் வருவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

வீட்டில் கிடத்தியிருந்தார்கள். முகம் களையாக இருக்கட்டும் என்று யாரோ பவுடரை அள்ளிப் பூசியிருந்தார்கள். அவள் அம்மா ஈரத்துணி கேட்டு வாங்கி, நெற்றி, கன்னம், கழுத்து என்று மெதுவாகத் துடைத்தார். "எம்பொண்ணு கலர் இது இல்லம்மா." துடைத்து முடித்தபோது அடியிலும் அந்த நிறம் இல்லை. துணியை மடியில் வைத்துக்கொண்டு, "எங்கம்மா போச்சு?" என்று என்னைக் கேட்டார்.

என்னிடம் இருக்கும் படங்கள் எல்லாம் ஆஃபீஸ் விளக்கில் எடுத்தவை. ஒன்றிலும் அவள் நிறம் சரியாக விழவில்லை. என் மகளைப் பார்த்து, "கொஞ்சம் கறுப்புதான், இல்ல?" என்று உறவினர்கள் கேட்கும்போது முன்பெல்லாம் சிரித்து மழுப்புவேன். இப்போது நேராகப் பதில் சொல்கிறேன். சுபாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தைரியம்தான். அதற்குப் பதில் அவளே இருந்திருக்கலாம்.