அப்பாவின் தப்பு செட்டும் ஆங்கில வகுப்பும்

ஹட்டனில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அன்று இசைக்குழுக்கள் பற்றிய பாடம். பேண்ட், ஃபேமஸ், ஃபேன்ஸ், பிரேக்கப் என்று பலகையில் எழுதிய ஆசிரியர், தெரிந்த ஒரு குழுவைப் பற்றிப் பேசச் சொன்னார். எல்லோரும் வெளிநாட்டுப் பெயர்களாகச் சொன்னார்கள். நான் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தப்பு மேளம் அடிக்கும் அப்பாவின் செட்டைப் பற்றி ஆங்கிலத்தில் தொடங்கினேன். காமன் கூத்துத் திருவிழாவுக்குப் பக்கத்துத் தோட்டத்துச் சனமெல்லாம் அவர்களைப் பார்க்கவே வரும். இரண்டு பேர் கொழும்புக்கு வேலைக்குப் போனதும் செட் பிரிந்துபோனது என்றேன்.

ஆசிரியர் சிரித்தார். "அதெல்லாம் பேண்ட் இல்லம்மா. சாவு வீட்டுல அடிக்கிறது."

வகுப்பே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரும் எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர்தான்.

"ஒங்கப்பா செத்தப்ப யார கூப்புட்டீங்க சேர்? அடமழையில நின்னு நின்னு, நெருப்புல தப்ப காய்ச்சி, குழி வரைக்கும் எங்கப்பாதானே அடிச்சாரு? அன்னைக்கு ஏன் கிட்டார் வரல?"

அவர் பலகையை அழிக்கப் போனார்.

"அழிக்காதீங்க சேர். நா இன்னும் முடிக்கல."

மிச்சத்தையும் ஆங்கிலத்திலேயே சொன்னேன். பலகையிலிருந்த ஒரு சொல்லைக்கூட நான் விடவில்லை. அப்பாவைப் பற்றிச் சொல்ல அத்தனையும் தேவைப்பட்டன.