மூன்றாம் மாடியில் ஒரு தடைசெய்யப்பட்ட துப்பாக்கி

வீடு மாற்றிக்கொடுப்பது என் தொழில். மீன்தொட்டியை மீனோடு தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். கட்டிலை ஜன்னல் வழியாகக் கயிறு கட்டி இறக்கியிருக்கிறேன். பாகம் பிரித்த அண்ணன் தம்பிக்கு நடுவே ஒரு பீரோவை வைத்துக்கொண்டு அரைநாள் தெருவில் நின்றிருக்கிறேன். இத்தனை வருடத்தில் என்னால் நகர்த்த முடியாமல் போனது ஒன்றே ஒன்று, என் அத்தானின் துப்பாக்கி. கனமெல்லாம் இல்லை. என் அக்காவே ஒரு கையில் தூக்கிவிடுவாள்.

துப்பாக்கி வைத்திருப்பவர் என்றதும் முறுக்கிய மீசையும் சிவந்த கண்ணுமாக யாரையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அத்தான் கண்ணாடிக் கடைக்காரர். நம் மூக்கில் ஒரு கனத்த சட்டத்தை மாட்டி, கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப நல்லா தெரியுதா, முன்னாடி நல்லா தெரிஞ்சுதா?" என்று பொறுமையாகக் கேட்பார். சமையலறையில் பல்லியைப் பார்த்தால் அது போகும்வரை வெளியே நிற்பார். ஆளே இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பார். பின்னால் நான் லாரியில் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவேன், மனிதர் அசைய மாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுடும் கிளப்புக்குப் போய், காகிதத்தில் அச்சடித்த வட்டத்தைக் குறிபார்ப்பார். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்கிற மனிதர் சுட்டதில் பாதி பக்கத்து ஆளின் காகிதத்தில் போய் விழும். பக்கத்து ஆளுக்கு மார்க் ஏறும். அதனால் கிளப்பில் அவருக்கு நல்ல பெயர்.

வாங்கும்போது அது சாதாரண வகைத் துப்பாக்கி. வீட்டில் பூட்டி வைத்தால் போதும். பிறகு ஒரு நாள் அரசாங்கத்துக்குத் தூக்கத்தில் என்ன தோன்றியதோ, அது கட்டுப்பாட்டு வகை ஆனது. இரும்புப் பெட்டி வேண்டும் என்றார்கள், வாங்கினார். பெட்டியைத் தரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும் என்றார்கள், இறுக்கினார். தோட்டா வேறு அறையில் இருக்க வேண்டும் என்றார்கள். வீட்டில் இருந்ததே இரண்டு அறை. ஒன்றில் துப்பாக்கி, ஒன்றில் தோட்டா. அக்காவும் அத்தானும் ஹாலில் படுத்தார்கள்.

கடைசியாக அது தடைசெய்யப்பட்ட வகைக்குப் போனது. காரணம், அதன் கைப்பிடி ராணுவத் துப்பாக்கியின் கைப்பிடி மாதிரி இருக்கிறதாம். குண்டு போகும் வேகம் அதேதான். பக்கத்துக் காகிதத்தில் விழும் வழக்கமும் அதேதான். சாயலுக்குத்தான் தண்டனை. சுடக் கூடாது, விற்கக் கூடாது, உடைக்கக் கூடாது, பதிவான முகவரியை விட்டு வெளியே எடுக்கவே கூடாது. அரசாங்கமே ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளும், அதுவரை உரிமையாளர் உடனிருந்து காக்க வேண்டும். அந்த 'அதுவரை'யைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கிளப்பில் மற்றவர்கள் ஆளுக்கொரு வழி பார்த்துக்கொண்டார்கள். ஒருவருடையது படகிலிருந்து தண்ணீரில் விழுந்துவிட்டது. அவருக்குப் படகே கிடையாது. அத்தான் மட்டும் தினமும் பெட்டியைத் திறந்து, இருக்கிறதா என்று பார்த்து மூடினார்.

இதற்கிடையில் அக்காவின் இரண்டு முழங்காலும் தேய்ந்தன. வீடு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. முதலில் கைப்பிடியைப் பிடித்து இறங்கினாள். பிறகு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினாள். பிறகு இறங்குவதையே விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் என் ஆட்கள் நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். "நானும் உன் சாமான்தான்டா, உடையாம இறக்கச் சொல்லு" என்று சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

அலைந்து திரிந்து தரைத்தளத்தில் ஒரு வீடு பிடித்தேன். வாசலில் ஒரு படிகூட இல்லை. வீட்டுக்காரர் மாதக் கடைசிவரை காத்திருப்பதாகச் சொன்னார். அத்தானிடம் சொன்னேன். அவர் பெட்டி இருந்த அறையைப் பார்த்தார்.

"முகவரி மாத்த முடியாது மாப்ள. அதைத் தூக்கிட்டு படியிறங்கினாலே குத்தம்."

"மெத்தையில சுருட்டி என் லாரியில போட்டுடறேன். ஒரு பய பாக்கமாட்டான்."

"நான் பாப்பேனே."

அந்த ஒரு வார்த்தைக்காக அவரை மதித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மதித்துக்கொண்டே பல்லைக் கடித்தேன்.

மாதக் கடைசி நெருங்கியது. நானே கிளம்பி ஆயுதப் பிரிவு அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மா முகத்தில் எந்தச் சலனமும் இல்லை.

"துப்பாக்கிய நாங்க கொண்டாந்து குடுத்தா?"

"வழியிலயே பிடிப்பாங்க."

"நீங்க வந்து எடுத்துக்கிட்டா?"

"அதுக்கு ஆள் இன்னும் போடல."

"முட்டி தேஞ்சுபோன பொம்பளைங்க. அவங்க எப்பதான் வீடு மாறறது?"

"அவங்க தாராளமா மாறலாமே. துப்பாக்கிதான் மாறக் கூடாது." பிறகு என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இரக்கப்பட்டு, "இல்லேன்னா உங்க அத்தான் லைசென்ஸை ஒப்படைக்கட்டும். லைசென்ஸ் இல்லாதவர் வீட்ல ஆயுதம் இருக்கக் கூடாதில்லையா, மறுநாளே வந்து எடுத்துருவோம்" என்றார்.

லைசென்ஸ் உள்ளவர் காத்துக்கிடக்க வேண்டும், இல்லாதவருக்கு உடனே வண்டி வரும். எந்தப் புண்ணியவான் உட்கார்ந்து யோசித்தானோ. எனக்கு அது முக்கியமில்லை, வழி கிடைத்துவிட்டது. "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றேன்.

"சாருக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லியாச்சே. யோசிச்சு சொல்றேன்னு போனார்."

மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அத்தான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் முன்பின் யோசிக்காமல் அவள் எதிரிலேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன்.

அத்தான் மறுக்கவில்லை. பொய் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. கேட்காததைச் சொல்லாமல் இருந்திருக்கிறார், அவ்வளவுதான். அதற்கு எந்தச் சட்டத்திலும் தடை இல்லை.

"ரெண்டு வருஷமாவா?" என்றாள் அக்கா.

"ஒருதடவ ஒப்படைச்சா திரும்ப தரமாட்டாங்க" என்றார் அத்தான், தரையைப் பார்த்து. "லைசென்ஸ் இல்லாதவங்கள கிளப் கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க."

"அங்கதான் இப்ப யாரும் சுடறதே இல்லையே அத்தான்" என்றேன்.

"சுடறதில்ல. உக்காந்து டீ குடிப்போம். புது ரூல் என்ன வந்திருக்குன்னு பேசிக்குவோம்." அவர் குரல் இறங்கிவிட்டது. "அதுவும் இல்லேன்னா ஞாயித்துக்கிழமை நான் எங்கதான் போறது?"

அக்கா கீரைத் தட்டை ஓரமாக நகர்த்திவைத்தாள்.

"உங்களுக்கு ஞாயித்துக்கிழமை போக இடம் இல்ல. எனக்கு எந்தக் கிழமையும் இல்ல."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அத்தான் சமாளித்திருப்பார். எழுந்து போய் அலமாரியிலிருந்து லைசென்ஸை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் படியிறங்கினார்.

மறுநாள் இரண்டு காவலர்கள் வந்தார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒருவர் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, குடையைக் கொண்டுபோவது மாதிரி இறங்கிப் போனார். அன்று மாலையே என் லாரி வந்தது. அக்கா நாற்காலி வேண்டாம் என்றுவிட்டாள். அத்தானின் தோளைப் பிடித்துக்கொண்டு, மாடிக்கு மாடி நின்று, வாயில் வந்தபடியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே இறங்கினாள். அவர் ஒவ்வொரு திட்டுக்கும் "ம்" என்றார்.

புது வீட்டில் முதல் ஞாயிறு. நான் அலமாரிக்குக் கதவு மாட்டிக்கொண்டிருந்தேன். அத்தான் விடிந்ததிலிருந்து ஒரே பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். அக்கா தெருமுனைவரை போய்வரக் கிளம்பினாள். அவளுடைய பழைய செருப்பில் வீங்கிய கால் நுழையவில்லை. அத்தானின் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அப்போது போன் அடித்தது. கிளப் நண்பர், அந்தப் படகு இல்லாத படகுக்காரர். அவருடைய தொண்டைக்கு ஸ்பீக்கர் தேவையில்லை. அலமாரிக்குள் தலையை விட்டிருந்த எனக்கே தெளிவாகக் கேட்டது.

"நம்ம மாடலை லிஸ்ட்லேருந்து எடுத்துட்டாங்கய்யா. மறுபடி சாதாரண வகையாம். ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா நீ?"

அத்தான் போனை வைத்தார்.

"யாருங்க?" என்றாள் அக்கா, கதவுப் பிடியில் கையை வைத்தபடி.

"ராங் நம்பர்" என்றார் அத்தான்.

அவள் அந்தப் பெரிய செருப்பை இழுத்து இழுத்துத் தெருவில் நடந்து போனாள்.