மௌனத்தில் ஓர் இருமல்

பேத்தமங்களா ஏரிக்கரைத் தியானக் குடிலில் மேலோர் கீழோர் கிடையாது என்றார்கள். அதை நம்பித்தான், மனைவி இறந்த பிறகு ராஜப்பா, சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸிலிருந்து அங்கே போய்த் தங்கினார். தரையில் படுப்பதும் கஞ்சி குடிப்பதும் அவருக்குப் புதிதல்ல. மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தால்தான், தங்கச் சுரங்கத்தில் விழுங்கிய கல்தூசி இருமலாகக் கிளம்பியது.

"பெரியவரே, மத்தவங்க மௌனம் கலையுது. இனிமே வெளியில உக்காருங்க" என்றார் குரு, மென்மையாக.

"வெளியிலன்னா எங்க சாமி, செருப்பு வுடற எடத்துலயா?"

குரு கண்ணை மூடிக்கொண்டார். ராஜப்பா துணிப்பையை எடுத்துக்கொண்டு சுரங்கத் தொழிலாளர் வரிசையிலிருந்த தன் லைன் வீட்டுக்கே திரும்பினார்.

எதிர்வீட்டு முனுசாமியும் அதே தூசியைத் தின்றவர். "இன்னாப்பா, ஞானம் கெடைச்சுதா?" என்று கேட்டார்.

"கெடைச்சுது" என்றார் ராஜப்பா. இருவரும் சேர்ந்து இருமினார்கள்.