நமுனுகுலப் பதிவேட்டில் நீலகிரிப் பெயர்கள்

மழையில் ஊறிய படங்குகளின் ஈர வாடை... கொழுந்து பறித்துவிட்டு நேராக வந்த பெண்கள், இடுப்பில் கட்டியிருந்த அந்தப் படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் உட்கார்ந்திருந்தார்கள்.

இலங்கையில் ஆட்சி மாறி, கடைகளில் பால்மா மெல்லத் திரும்பிக்கொண்டிருந்த காலம். உரத் தட்டுப்பாட்டில் வீட்டுத் தோட்டங்கள் பாழாகியிருந்தன. நமுனுகுலப் பக்கத்து மகளிர் சங்கம் ஒன்றுக்கு, நீலகிரியில் உள்ள ஒரு மகளிர் சங்கம் போனில் கூட்டெரு செய்யக் கற்றுக்கொடுத்தது. அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்து எழுத, ஓய்வுபெற்ற ஆசிரியையான என்னைப் பதுளையில் உள்ள ஓர் அலுவலகம் அனுப்பியது. கணவர் போன பிறகு நான் ஏற்ற முதல் வேலை. என் அறிக்கை சரியில்லை என்றால் அந்தத் தொடர்பே நின்றுவிடும்.

வரவுப் பதிவேட்டில் பன்னிரண்டு பெயர்கள். எதிரே ஏழு பேர்.

கன்னியர் மடத்தில் படித்தவள் நான். வராதவருக்கு வரவு போடுவது பொய். சிவப்புப் பேனாவால் ஐந்து பெயர்களையும் அடித்தேன்.

தலைவி காமாட்சி பதறி எழுந்தாள்.

"ஐயோ டீச்சரம்மா, பேர வெட்டாதீங்க!"

"ஆட்கள் எங்கே?"

"இந்தா, வந்துருவாங்க..."

எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சொம்புக்குள் இறக்கி வைத்த போன் கணகணத்தது.

"அடியே காமாட்சி, ஒன் எருக்குழி இன்னும் நாறுதா?"

"நீ சொன்ன அளவுக்குத்தான் சாணி போட்டேன், ஒன்னாலதான் நாறுது!"

எல்லோரும் சிரித்தார்கள். நீலகிரியிலிருந்து பேசியது காமாட்சியின் அக்கா; நான் அடித்த ஐந்து பெயர்களில் ஒன்று அவளுடையது. மற்ற நால்வரும் நாற்பது வருடங்களுக்கு முன் குடியுரிமை ஒப்பந்தப்படி அவளோடு கப்பலேறி இந்தியா போனவர்கள்.

"அக்கா போன அன்னைக்குக் கணக்கப்பிள்ளை தோட்டத்து ஆள் பதிவு செக்ரோல்ல பேர வெட்டுனாருங்க. நா பக்கத்துல நின்னேன்... இப்பத்தான் திருப்பி எழுதியிருக்கோம்."

பழைய பக்கங்களைப் புரட்டினேன். அந்த ஐவரின் கையெழுத்துக் கட்டங்களில் பென்சிலால் சிறு குறிப்புகள்: 'போன் பாதியில் கட்', 'பேத்திக்குக் காய்ச்சல்', 'அங்கயும் மழை'. நானே இத்தனை கவனமாக எழுதியிருப்பேனா?

சிவப்புக் கோட்டை அழிக்க முடியாது. புதிய பக்கத்தில் பன்னிரண்டு பெயர்களையும் என் கையாலேயே எழுதினேன். அலுவலகம் விளக்கம் கேட்டது. இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். தொடர்பு நிற்கவில்லை.

அந்தக் காலத்தில் இந்தியக் கப்பலைப் பிடிக்கத் தலைமன்னாருக்கு ரயில் ஏறியவர்களிடமிருந்து ஒரு கடிதம் வர மாதங்கள் ஆகும். சிலரிடமிருந்து வரவே இல்லை. இன்று சாணி கூடியதா குறைந்ததா என்று சண்டை பிடிக்கிறார்கள்...

போன மாதம் காமாட்சியிடம் கேட்டேன், அக்கா ஒரு முறை வந்து பார்க்க மாட்டாளா என்று.

"பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருக்கா டீச்சரம்மா. எரு எப்படி வந்திருக்குன்னு பாக்கணுமாம். வேற ஒன்னுக்கும் இல்லையாம்."